தேவகிருபை அத்தையின் மடியில் போன பிரிண்டர்

அரசாங்கம் ஒரு ராக்கெட்டை வேலூரிலிருந்து ஆம்பூருக்கு பஸ்ஸில் அனுப்ப நினைத்தால், விஞ்ஞானிகளைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எங்கள் தேவகிருபை அத்தையிடம் கொடுத்தால் போதும். ராக்கெட்டைத் துணியில் சுற்றி, மடியில் படுக்க வைத்து, பள்ளிகொண்டாவின் பள்ளங்களைத் தாண்டி, ஒரு கீறல் இல்லாமல் இறக்கிவிடுவாள். பூமி சுற்றுகிற ஆட்டத்தில்கூட அவள் மடியில் இருக்கும் பொருள் ஆடாது என்பது என் கணிப்பு. நான் ஒன்பதாவதோடு நின்றவன். அறிவியலில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அத்தை, அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். முன்பு ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். அந்த முதலாளி கடைசிவரை அவளைக் காமிராவைத் தொட விடவில்லை. ஒருநாள் தானே ஒரு டிஜிட்டல் காமிராவும், டிபன் கூடை அளவுக்கு ஒரு பிரிண்டரும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இப்போது ஸ்கூல், சர்ச், ஷூ கம்பெனி என்று போய், எடுத்த இடத்திலேயே போட்டோ போட்டுக் கொடுக்கிறாள். பெண் பார்க்க வந்த ஒருவரிடம், "பிரிண்டரைத் தூக்குவீங்களா?" என்று கேட்டாளாம். அவர் காபி டம்ளரை வைத்துவிட்டுப் போனவர்தான்.

பிரயாணத்துக்கு முந்தின நாளே பிரிண்டரைக் கட்டத் தொடங்குவாள். உள்ளே ஓடுகிற பாகத்தை டேப் போட்டு ஒட்டுவாள். ஷூ டப்பாக்களில் ஈரம் உறிஞ்சப் போடும் குட்டிப் பொட்டலங்களைக் கம்பெனிப் பெண்களிடம் கேட்டு வாங்கி வந்து பக்கத்தில் செருகுவாள். அப்புறம் துண்டு, ஷூவுக்குள் வைக்கிற பஞ்சு ஷீட், மேலே ஒரு பூப்போட்ட சால்வை.

"மை இருக்கிற மெஷின்டா ஜெர்சன். படுத்துக்கினேதான் போகணும். நிமிர்ந்துச்சுன்னா ஒழுகிடும்."

போன மாதம் அதுதான் நடந்தது. ஆம்பூர் ஷேர் ஆட்டோவில் யாரோ ஒரு புண்ணியவான் பிரிண்டரை நிமிர்த்தி வைத்துவிட்டார். அன்று எடுத்த அடையாள அட்டை போட்டோக்களில் ஷூ தைக்கிற பெண்கள் எல்லோரும் பீட்ரூட் நிறத்தில் இருந்தார்கள். கம்பெனி சூப்பர்வைசர் ரத்தினசாமி, "இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா வாணியம்பாடில இருந்து வேற போட்டோ ஆள் வரும்மா" என்று சொல்லிவிட்டார். அந்தக் கம்பெனிதான் அத்தைக்குப் பெரிய வேலை. அது போனால் மறுபடியும் அந்த ஸ்டுடியோ முதலாளியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

ஆகவே இந்த ஜனவரியில், பனி விலகாத காலையில், நானும் காமிரா பையோடு கூடப் போனேன். எனக்குக் குளிரவில்லை என்று சொன்னேன். என் பற்கள் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன.

"ஸ்வெட்டர் இன்னாடா ஆச்சு?"

"அதான் தொலைஞ்சு போச்சே அத்தை. அம்மா என் முதுகுல அடிச்சு எழுதியே வச்சிருக்குதே."

பஸ்ஸில் நிற்கத்தான் இடம். சால்வை மூட்டையைப் பார்த்ததும் நடு சீட்டில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். "கொழந்தைய வச்சுக்கினு நிக்கிறியேம்மா, உக்காரு."

அத்தை பொய் சொல்ல மாட்டாள். வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"ரெண்டு மாசங்க. இப்பதான் தூங்குச்சு."

அத்தையின் முகத்தில் மனசாட்சிக்கும் சீட்டுக்கும் சண்டை நடந்தது. சீட் ஜெயித்தது. உட்கார்ந்ததும் கண்ணை மூடி மன்னிப்பு கேட்டாள். என்னிடம் அல்ல.

பக்கத்து சீட்டில் ஒரு நர்ஸ். பேர் பிரிஸ்கில்லா என்று பையில் தைத்திருந்தது.

"பையனா?"

"பையன்தான் சிஸ்டர்" என்றேன்.

"சளி இருக்கா?"

"போன மாசம் ஒழுகுச்சு. செவப்பா."

நர்ஸின் முகம் மாறியது. சால்வைக்குள், துணி இடுக்கு வழியாகக் கையை விட்டார். "ஒடம்பு ஜில்லுனு கல்லாட்டம் கெடக்குது. மூச்சு வர்ற மாதிரி தெரியலயே. கண்டக்டர், வண்டிய நிறுத்துங்க."

டிரைவர் போட்ட பிரேக்கில் பஸ்ஸே முன்னால் சாய்ந்தது. மூட்டை அத்தையின் மடியிலிருந்து வழுக்கியது. நர்ஸ் அதைப் பிடித்து, பழகிய கையோடு தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டத் தொடங்கினார்.

"நிமிர்த்தாதீங்க சிஸ்டர்" என்று அத்தை கத்தினாள்.

"நிமிர்த்தினாதாம்மா மூச்சு வரும்."

"அய்யோ, படுக்க வையுங்க. அது பையன் இல்ல. மெஷினு."

நர்ஸ் சால்வையை விலக்கினார். பஞ்சு ஷீட்டின் இடுக்கில் பிளக் வயர் வாலைப் போல எட்டிப் பார்த்தது. பின் சீட்டில் ஆரம்பித்த சிரிப்பு டிரைவர் வரைக்கும் போனது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "லக்கேஜ் டிக்கெட் வாங்கு" என்றார்.

அத்தை எழுந்து, சீட் கொடுத்த அம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போன மாதத்து பீட்ரூட் கதையைச் சொன்னாள். நர்ஸ் என் காதை ஒரு திருகு திருகினார். நர்ஸ்களுக்கு எந்த இடத்தில் வலிக்கும் என்று தெரியும். ஆனால் பிரிண்டரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆம்பூர் வரைக்கும் தன் மடியிலேயே படுக்க வைத்துக்கொண்டு வந்தார். மாதனூர் வேகத்தடையில் லேசாகத் தூக்கிக்கூடப் பிடித்தார்.

கம்பெனியில் ரத்தினசாமி முதலில் தன் படத்தையே போடச் சொன்னார். அத்தை பொத்தானை அமுக்கினாள். நர்ஸ் தோளில் அது எத்தனை நேரம் நிமிர்ந்திருந்தது என்று நான் விரல் விட்டு எண்ணினேன். காகிதம் மெதுவாக வெளியே வந்தது. முதலில் சொட்டை, அப்புறம் மீசை. எல்லாம் அதனதன் நிறத்தில்.

"நானா இது?" என்றார் ரத்தினசாமி. "பரவால்லம்மா. அடுத்த மாசம் கட்டிங் செக்சனுக்கும் நீயே வந்துடு."

அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பிறகு தரையில் கிடந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். நான் அவசரமாக வெளியே டீ குடிக்கக் கிளம்பினேன்.

"ஜெர்சன், நில்லு."

நின்றேன்.

"நான் கட்டுனது துண்டு, ஷீட்டு, சால்வ. துண்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல இது எப்டி வந்துச்சு?"

அத்தையின் கையில் என் நீல ஸ்வெட்டர்.

"எனக்கு இன்னா தெரியும் அத்தை. இத நான் பாத்ததே இல்ல."

"உங்கம்மா கிட்ட அடி வாங்கிக்கினு தொலைச்ச ஸ்வெட்டரு."

"வேற யாரோடதாவது இருக்கும்."

அத்தை அதை உதறி, கழுத்துப் பக்கத்தை விரித்துப் பிடித்தாள்.

"கைய தூக்கு. அளவு சரியா இருக்கானு பாத்துடலாம்."