அரிசிச் சாராயமும் சொதியும்

என் மகள் கட்டப்போகிறவனின் பெற்றோர் கொரியாவிலிருந்து எங்களைப் பார்க்க வருவதற்குச் சில வாரங்கள் முன்பே அவர்களுடைய சாராயம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அவன்தான் கொண்டுவந்தான். பாரிஸுக்குப் படிக்க வந்து இங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டவன். தன் தகப்பன் நல்ல விருந்தென்றால் இந்தப் போத்தலைத்தான் திறப்பார் என்றும், இதற்குப் பொருந்துகிற மாதிரி ஏதாவது சமைத்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றும் பிரெஞ்சில் சொன்னான்.

சோஜு என்ற பெயர் எனக்குத் தெரியும். கடைகளில் பச்சைப் போத்தல்களில் பார்த்திருக்கிறேன். இது அதுவல்ல என்றான். அது இனிப்பும் தண்ணீரும் சேர்த்து நீர்த்தது. இது அவர்கள் பக்கத்தில் அரிசியை அவித்து, புளிக்க வைத்து, பானையில் காய்ச்சி இறக்குவது. மூடியைத் திறந்து முகரத் தந்தான். முதலில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டின் வாசம்தான் மூக்கில் ஏறியது. கொஞ்சம் பொறுத்தால், அப்போதுதான் வடித்த சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தது போல இருந்தது. அதற்கும் பின்னால் கனிந்த பேரிக்காய் வாசம் ஒன்று, வந்ததும் தெரியாமல் போய்விட்டது.

நான் குடித்ததில்லை. ஆனால் குடிக்கிறவர்களுக்குச் சமைத்தவள். என் கணவரும் அவருடைய கூட்டாளிகளும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். விஸ்கிக்கு எது எடுபடும், பியருக்கு எது எடுபடும் என்பதை, தட்டில் எது முதலில் முடிகிறது என்று பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அந்தச் சனிக்கிழமைகள் நின்றுபோய்க் கன காலம். அவருக்கு ஈரல் பழுதாகிவிட்டது. ஒரு துளிகூடத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது எனக்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். மாதாவுக்கு நேர்த்தி வைத்துக் குடியை விட்டதாகத்தான் கூட்டாளிகளுக்குச் சொல்லியிருந்தார். பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் இருக்கிற சொந்தத் தமையனுக்குக்கூடச் சொல்லவில்லை.

“கலியாணம் முடியிறவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியவேண்டாம். வருத்தக்காரன்ர வீட்டிலை பொம்பிளை எடுத்ததெண்டு சம்பந்தி வீட்டார் நினைக்கக்கூடாது” என்று எங்களிடம் உறுதியாகச் சொல்லியிருந்தார்.

விருந்துக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை பார்த்தோம். நான் சமைத்துச் சமைத்து வைக்க, மகளும் அவனும் ஒவ்வொரு வாய் சாராயத்தோடு தின்று பார்த்தார்கள். நான் அவர்களுடைய முகத்தைப் பார்த்தேன். நண்டுக் கறிதான் முதலில். எங்கள் வீட்டு நண்டுக் கறியை வேண்டாம் என்று சொன்ன ஆள் கிடையாது. அவன் ஒரு காலைக் கடித்துவிட்டுச் சாராயத்தை விழுங்கினான். இருமத் தொடங்கியவன் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை.

“அம்மா, ரெண்டும் எரியுது. ஒண்டோடை ஒண்டு சண்டை பிடிக்குது” என்றாள் மகள்.

ஆட்டிறைச்சிப் பிரட்டல் அவ்வளவு மோசமில்லை. கொழுப்பு சாராயத்தின் காரத்தைத் தணித்தது. ஆனால் கறித்தூளின் வாசத்தில் அரிசி வாசம் காணாமல் போயிற்று. மாங்காய் ஊறுகாயைக் கேட்கவே வேண்டாம். கணவாய் மீனைக் கறித்தூள் போடாமல், மிளகும் வெங்காயமும் மட்டும் போட்டுப் பொரித்துக் கொடுத்தேன். அவன் இரண்டாந்தரமும் எடுத்தான். நெத்தலிக் கருவாட்டுப் பொரியலுக்கும் அப்படியே. தங்கள் ஊரிலும் காய்ந்த கணவாயைக் கிழித்துக் கொறித்துக்கொண்டுதான் குடிப்பார்கள் என்றான். ஆகவே, காய்ந்த செத்தல் மிளகாயை விலக்கிவைக்க வேண்டும். கடல் உப்பும் கொழுப்பும் மெல்லுகிற பதமும் வேண்டும் என்று எனக்கு விளங்கியது. என் சமையலில் பாதியைக் கழித்துவிட்டால் மிச்சத்துக்கு இந்தச் சாராயம் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சமையலை முடித்தேன். மத்தியானம் அவர்கள் வந்தார்கள். தகப்பன் ஒல்லியான மனிதர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தாய் சப்பாத்தைக் கழற்றி அழகாகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். யன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் மெட்ரோ போகும்போது இருவரும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார்கள். இங்கே குடியிருக்கிற நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்பதை விட்டு வருடங்கள் ஆகின்றன.

மேசையில் கணவாயும் நெத்தலியும் இடியப்பமும் வைத்தேன். என் கணவருக்கு முன்னால் மட்டும் ஒரு கோப்பையில் சொதி. பத்தியச் சாப்பாடு. தேங்காய்ப்பால், மஞ்சள், வெங்காயம், வெந்தயம், கருவேப்பிலை, பேருக்கு ஒரு பச்சைமிளகாய், இறக்கிய பிறகு பிழிந்துவிட்ட தேசிக்காய்ப்புளி. அதை விருந்துக்கென்று நான் செய்யவில்லை.

தகப்பன் போத்தலை எடுத்து, ஒரு கையால் மற்றக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் என் கணவரின் கிண்ணத்தை நோக்கிச் சரித்தார். என் கணவர் கிண்ணத்தைக் கையால் மூடி, சிரித்துக்கொண்டு தலையாட்டினார். தகப்பனுக்கு அது மரியாதைக்கு மறுப்பதாகப் பட்டிருக்க வேண்டும். அவரும் சிரித்துக்கொண்டு போத்தலைப் பிடித்தபடியே நின்றார். மகனைப் பார்த்தார். மகன் என்னவோ சொன்னான். அவர் சிரிப்பது நின்றது, போத்தலை மட்டும் இறக்கவில்லை.

“என்ன சொன்னனீ?” என்று மகள் அவனிடம் பிரெஞ்சில் கேட்டாள்.

மத்தியானத்தில் குடிக்க மாட்டார் என்று சொன்னதாகச் சொன்னான். வேறு என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

என் கணவரின் கை மெதுவாகக் கிண்ணத்தை விட்டு விலகுவதைக் கண்டேன். குடிக்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“இஞ்சேருங்கோ, நான் எடுக்கிறன்” என்றேன்.

“நீர் பேசாமல் இரும்.”

நான் கிண்ணத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். தகப்பன் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு ஊற்றினார். அவர்கள் ஊரில் மூத்தவர்களுக்கு முன்னால் இளையவர்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்பார்கள் என்று மருமகன் முன்பு சொல்லியிருந்தான். நான் வெட்கத்தில் திருப்பிக்கொண்டு குடித்தேன்.

உதட்டிலிருந்து நெஞ்சுவரை ஒரு கோடு கிழித்தது போல எரிந்தது. வேறு எந்த ருசியும் தெரியவில்லை. கைக்கு எட்டியது என் கணவரின் சொதிக் கோப்பை. ஒரு கரண்டி வாயில் விட்டேன். தேங்காய்ப்பால் நாக்கில் படிந்ததும் எரிவு அடங்கி, அடியிலிருந்து சோற்றின் இனிப்பு மேலே வந்தது. தேசிக்காய்ப்புளி அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. ஒத்திகையில் எதற்கும் அப்படி வரவில்லை. வந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. நான் அப்போது முகங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்துபோய்ச் சட்டியிலிருந்து இன்னொரு கோப்பை சொதி எடுத்துவந்து தகப்பனுக்கு முன்னால் வைத்தேன். அவர் தன் சாராயத்தில் ஒரு மிடறு குடித்தார். சொதியை அள்ளி உறிஞ்சினார். பிறகு மனைவியிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

“சோஜு குடிச்சா சூடா ஒரு சூப் வேணுமாம். பிரான்சுக்கு வந்ததிலையிருந்து அதுதான் இல்லையெண்டு அவர் சொல்லிக்கொண்டே இருந்தவராம்” என்று மகள் மொழிபெயர்ப்பை மொழிபெயர்த்தாள்.

அந்த நேரத்தில்தான் என் கணவர் மகளைப் பார்த்துச் சொன்னார். குரல் சாதாரணமாகவே இருந்தது.

“எனக்கு ஈரலிலை வருத்தம். தொடக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதை அப்பிடியே அவருக்குச் சொல்லச் சொல்லு.”

மகள் என்னைப் பார்த்தாள். அவள் பிரெஞ்சில் சொல்ல, அவன் கொஞ்சம் தயங்கிக் கொரிய மொழியில் சொன்னான். தாய் கையை வாயில் வைத்தார். தகப்பன் போத்தலை மூடித் தரையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தார். என் கணவரின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். கரண்டியால் சொதியை அள்ளி அதில் விட்டார். அது சிறிய கிண்ணம், கொஞ்சம் மேசை விரிப்பிலும் சிந்தியது. முன்பு போலவே ஒரு கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு அதை அவரிடம் நீட்டினார். தன் கிண்ணத்திலும் சொதியையே விட்டுக்கொண்டார். இருவரும் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கணவாய் முடிந்தது. தாய் சமையலறைக்கு வந்து, கருவேப்பிலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து, கையால் கேட்டுக் கேட்டுச் சொதி வைக்கும் விதத்தை அறிந்துகொண்டார். போகும்போது வாசலில் தகப்பன் என் கணவரின் வயிற்றுப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது என் கணவர் யன்னலருகே நின்று தமையனுடன் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ஈரலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார் போலிருக்கிறது.

“ஏன்ரா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?” என்று தமையன் கேட்டார்.

“சொல்லியிருக்கலாம்தான் அண்ணை.”

“சரி. அடுத்த முறை டொக்டரிட்டைப் போகேக்கை நானும் வாறன்.”

“ஓம்” என்றார் இவர்.

கலியாணம் கோடையில் நடந்தது. நகரசபையிலும் பிறகு தேவாலயத்திலும். என் கணவர் கொஞ்சம் மெலிந்திருந்தார், ஆனால் முழு நாளும் நின்றார். டாக்டரிடம் இப்போது தமையன்தான் கூட்டிப்போகிறார். போகும் வழியில் இருவரும் எதற்காவது சண்டை பிடித்துக்கொள்வார்கள்.