நின்றுபோன நீர்ச் சத்தம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாதக் கோடை விடுமுறையில், தூத்துக்குடிக் கடலில் நடந்தது இது. அப்போது நான் கோவில்பட்டியில் கல்லூரி ஆசிரியன். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த இஸ்லாமிய நண்பர் ஒருவரின் மைத்துனருக்குத் தூத்துக்குடியில் சொந்தமாக ஒரு விசைப்படகு இருந்தது. "இந்தக் கரிசல்லயே கெடந்து எத்தன வருசம் வேகப் போறீங்க சார்? தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க, தீவப் பாத்துட்டு வந்துருவோம்" என்று நண்பர் வற்புறுத்தினார். என் மனைவி அதற்குமுன் கடலில் கால் நனைத்திருக்கிறாளே தவிர, படகேறியதில்லை. மகளுக்கு மூன்று வயது.

மைத்துனரிடம் வேலை பார்த்த படகோட்டி ஒருவர் ஓட்ட, நண்பரும் நாங்கள் மூவரும் ஏறிக்கொண்டோம். படகு புறப்பட்டதிலிருந்தே என் மனைவி ஓரிடத்தில் உட்காரவில்லை. எழுவாள், விளிம்பைப் பிடித்தபடி பின்பக்கம் போய் எட்டிப் பார்ப்பாள், வந்து உட்காருவாள், சற்று நேரத்தில் மறுபடி எழுவாள். தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவளது அலைச்சல் என்னையும் தொற்றிக்கொண்டது. குழந்தையை மடியில் இறுக்கியபடி, உட்காரும்படி இரண்டு முறை சொன்னேன்.

நண்பர் சிரித்தார். "என்ன தங்கச்சி, கடல அளந்து பட்டா வாங்கப் போறியளா?"

அவள் பார்த்துக்கொண்டிருந்தது கடலை அல்ல. படகின் நடுவே, மரப்பெட்டி போன்ற மூடிக்குக் கீழே இன்ஜின் இருந்தது. படகின் அடியிலுள்ள துளை வழியே கடல்நீர் உறிஞ்சப்பட்டு, இன்ஜினைச் சுற்றிவந்து அதன் சூட்டை வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு சிறு குழாய் வழியே வெளியே விழும். அந்த நீர் விழும் சத்தத்தைத்தான் அவள் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

காரணம் எனக்கு உறைத்தது தாமதமாகத்தான். அவள் பிறந்தது கயத்தாறுக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். அவர்கள் கிணற்றில் டீசல் இன்ஜின் வைத்து இறைத்தார்கள். கிணற்று நீர் குறைந்ததும் இன்ஜினைக் குளிர்விக்கும் குழாயில் வரத்து மெலியும். அது நிற்பதற்குள் இன்ஜினை அணைத்தாக வேண்டும். சிறு வயதில் அந்தக் காவல் அவளுடையது. பாடம் படித்தாலும் பூக்கட்டினாலும் ஒரு காது குழாயில் இருக்கும்.

தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று திடீரென்று எழுந்து எதிரே வீசியது. குழந்தை என் மடியில் உறங்கிவிட்டாள். தீவை விட்டுச் சிறிது தூரம்தான் வந்திருப்போம்; என் மனைவி விருட்டென்று எழுந்தாள்.

"அண்ணாச்சி, தண்ணி விழுத சத்தம் நின்னுட்டு."

படகோட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூடு காட்டும் கருவியைச் சுட்டினார். "முள்ளு அதுபாட்டுக்கு நிக்கும்மா. பேசாம உக்காருங்க."

"முள்ளு கெடக்கட்டும். குழாய எட்டிப் பாருங்க."

அவர் சலிப்போடு எட்டிப் பார்த்தார். குழாய் வாயில் ஒரு சொட்டு நீரில்லை. அதே நேரம் பெயின்ட் கருகும் வாடை எழுந்தது. ஓடிப்போய் இன்ஜினை அணைத்து மூடியைத் தூக்கினார். அனல் முகத்தில் அடித்தது. முள்ளுக்குச் சூட்டைச் சொல்ல வேண்டியதே அந்த நீர்தான். நீர் வராததால் முள் அசையாமல் நின்றிருக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

இன்ஜின் நின்றதும் காற்று எங்களைப் பின்னோக்கித் தள்ளத் தொடங்கியது. பின்னால் தீவை ஒட்டிய பாறைத் திட்டு. அதன்மேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. படகோட்டியும் நண்பரும் நங்கூரம் போட்டார்கள்; அது பிடிக்காமல் இழுபட்டது. எங்களில் நீந்தத் தெரிந்தவர் படகோட்டி ஒருவர்தான்.

அவர் பதற்றத்தில் ஒரு வாளிக் கடல்நீரை மொண்டு இன்ஜின்மேல் ஊற்றப் போனார்.

"ஊத்தாதீங்க!" அவள் வாளியைப் பிடித்துக்கொண்டாள். "விரிசல் விட்டுரும். எங்க சித்தப்பா இப்படித்தான் ஊத்தினாவ. அந்த வருசம் மொளகாச் செடி பூராக் கருகிப் போச்சு."

வாளி கீழே இறங்கியது. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு படகுக்கு அடியில் மூழ்கினார். உறிஞ்சு துளையை அடைத்திருந்த பாசியையும் நைலான் வலைத் துண்டையும் பிய்த்தெடுத்து வந்தார். ஏறியதும் ஏறாததுமாக இன்ஜினைக் கிளப்பப் போனார்.

"இன்னும் ஆறல அண்ணாச்சி."

"பாறை கிட்ட வந்துட்டும்மா, பாருங்க!"

"இப்பப் போட்டா இறுகிப் போயிரும். பெறவு எங்கிட்டுப் போக?"

இருவர் சொன்னதுமே சரிதான். அவள் குடிநீர்ச் செம்பில் விரலை நனைத்து இன்ஜின்மேல் உதறினாள். சுரீர் என்று பொரிந்து மறைந்தது. நான் குழந்தையை நண்பரிடம் கொடுத்துவிட்டு, நீண்ட கழியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நின்றேன். அது தரையைத் தொடவில்லை. நண்பரின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. மறுபடி விரலை உதறினாள், மறுபடி பொரிந்தது. அலை உடையும் ஓசை இப்போது பேச்சை மறைத்தது. என் கழி ஏதோ கடினமான ஒன்றில் இடித்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் பாறைப் பக்கம் பார்க்கவே இல்லை, விரலை உதறினாள். இம்முறை துளி பொரியவில்லை. இன்ஜினின் பக்கத்தில் மெல்ல வழிந்து இறங்கியது.

"போடுங்க."

இன்ஜின் இருமிக்கொண்டு கிளம்பியது. எல்லோரும் குழாயையே பார்த்தோம். முதலில் ஆவி, பிறகு துருநிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிந்த நீர் சளசளவென்று விழுந்தது. படகு பாறையை விட்டு விலகிய பிறகுதான் படகோட்டிக்குக் குரல் வந்தது.

"யாத்தா, நீங்க எந்தக் கடற்கரைம்மா?"

"கயத்தாத்துக் கடற்கரைவே!" என்றார் நண்பர். கண்ணீர் வழிய அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

என் மனைவி அப்போதுதான் உட்கார்ந்தாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "அந்தச் சத்தம் கேக்காட்டா எனக்கு உக்கார முடியாது" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். கரை சேரும்வரை அவள் எழவில்லை.

அவள் மறைந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. நோயுற்றிருந்த இறுதி வாரங்களில், செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி, அடுத்த அறையில் ஏறி இறங்கிய அவள் மூச்சின்மேல் ஒரு காதை வைத்திருந்தேன். அது நின்றபோது உடனே கேட்டேன். அணைத்துவிட்டு ஆறும்வரை காத்திருக்க அங்கே எதுவும் இல்லை.

இப்போது இந்த வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. நின்றது எந்தச் சத்தம் என்று நன்றாகத் தெரிந்தும், எழுந்து எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.