வேனில் ரெய்னோவின் இடம்

டன்னர் விரிகுடாவில் காலையில் முதல் விளக்கு எரிவது ஆர்டிஸ் வீட்டில்தான். காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேனை ஓட்டுகிறவள் அவள். மரம் வெட்டுகிறவர்கள் எழுவதற்கு முன்பே எழுந்து, எஞ்சினைச் சூடேற்றி, கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்து, பிளாஸ்கில் காப்பி ஊற்றிக்கொண்டு கிளம்புவாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஹெட்லைட்டை ஒருமுறை சிமிட்டிவிட்டுக் காத்திருப்பாள். ஹாரன் அடிப்பதில்லை. அடித்தால் குழந்தைகள் எழுந்துவிடும். பிறகு அந்த வீட்டுப் பெண்களை மாலையில் கடையில் பார்க்கும்போது பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

ஐம்பத்தெட்டு வயது. மீன் பிடிக்கும் படகில் வேலை என்று வடக்கே போன கணவன், அங்கேயே வேறொரு சமையலறையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டான். அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய தொந்தரவு இடது முழங்கால். மலைச்சாலையில் க்ளட்சை மிதித்து மிதித்து அது வீங்கிப்போய், ராத்திரியில் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் விண்ணென்று தெறிக்கும். அதனால் தூக்கம் என்பது அவளுக்குத் துண்டு துண்டாகக் கிடைக்கிற பொருள்.

ஏறும்போது வேனில் எல்லோரும் தூங்குவார்கள். இறங்கும்போது பேசுவார்கள். யார் மகளுக்குக் கல்யாணம், யாருடைய நாயைக் கரடி அடித்தது, மில்லில் எந்த ஷிஃப்டைக் குறைக்கப்போகிறார்கள் என்று அத்தனையும் ஓட்டுகிறவள் காதில் விழுந்துதான் ஊருக்குள் போகும். வேனைக் கழுவி நிறுத்திவிட்டுப் பால் வாங்கக் கடைக்குப் போவாள். கடைக்காரி பெட்ரா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்வாள். வியாழக்கிழமை காலையில் அவையெல்லாம் பெட்ரா அடித்து நகலெடுக்கும் ஒற்றைத் தாளில் வந்துவிடும். தாளின் பெயர் ‘விரிகுடாச் சேதி’. வேறு செய்தித்தாள் எதுவும் அந்த ஊருக்கு வருவதில்லை, வந்தாலும் நனைந்துதான் வரும்.

வேனில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு. யாரும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் யாரும் மாறி உட்கார்ந்ததுமில்லை. காட்டில் ஒருவன் அடிபட்டுப் படுத்துவிட்டால் அவன் திரும்பி வரும்வரை அவன் இடம் காலியாகவே போய்வரும். புதிதாக வருகிறவன் பின்னால் இருக்கும் கருவிப்பெட்டியின் மேல் உட்கார வேண்டியதுதான். காலியான இடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்தால், அங்கே இருந்தவன் இனிக் காட்டுக்கு வரமாட்டான் என்று அர்த்தம். யாரை எங்கே உட்காரச் சொல்வது என்பது ஓட்டுகிறவளின் பேச்சு. அதை ஃபோர்மன்கூடத் தட்டமாட்டான்.

வலது பக்கம் இரண்டாவது ஜன்னலோரம் ரெய்னோவின் இடம். வசந்த காலத்தில் மேலே சிக்கியிருந்த கிளையொன்று முறிந்து அவன் இடுப்பில் இறங்கியதிலிருந்து அது காலியாக இருந்தது.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. ராத்திரி முழுக்க மழை. முழங்கால் ஆர்டிஸைக் கண் மூட விடவில்லை. கெல்வின் என்ற புது ஆள் அன்றுதான் வெட்டிய மரங்களுக்கு இழுவை வடம் மாட்டும் வேலையில் சேர்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும், இரண்டு குழந்தைகள். டயரில் மாட்டும் குளிர்காலச் சங்கிலிகளை யாரோ கருவிப்பெட்டியின் மேல் குவித்துப் போட்டிருந்தார்கள். அவன் சொட்டச் சொட்ட வாசற்படியிலேயே நின்றான்.

“மேடம், நான் எங்க உக்காரட்டும்?”

“மேடமாம்,” என்றான் டோபின். வேனில் மூத்தவன் அவன். வாயும் அவனுக்குத்தான் அதிகம். “ஆர்டிஸ், இனிமே நீ தொப்பி வெச்சுக்கிட்டுதான் ஓட்டணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அந்த ஜன்னலோரம் காலியா இருக்கு பாரு, போய் உக்காரு. கதவைச் சாத்து, குளிர் ஏறுது.”

சிரிப்பு நின்றது. தூக்கம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவள் கியரைப் போட்டாள்.

சரளைச் சாலையில் ஏறிய பிறகுதான் கண்ணாடியில் பார்த்தாள். ரெய்னோவின் தலை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு தலை ஜன்னலில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. எதிரே மரம் ஏற்றிய லாரி இறங்கிக்கொண்டிருப்பதாக ரேடியோவில் குரல் வந்தது. அந்தச் சாலையில் நடுவில் நிறுத்த முடியாது. மேலே போனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மேலே போனதும் ஆட்கள் மழையில் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டார்கள். மாலையில் முன் டயர் பஞ்சர். அதை மாற்றி ஊருக்கு வந்து சேர்ந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

மறுநாள் கெல்வினை எழுப்பிக் கருவிப்பெட்டிக்கு அனுப்பினாள். “நேத்து தெரியாம சொல்லிட்டேன். அது ரெய்னோ இடம்.”

டோபின் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “சரிம்மா, எங்களுக்குப் புரியுது. ரெய்னோ இன்னும் வெளியே சொல்லலைன்னா நாங்களும் சொல்லல,” என்றான்.

“சொல்றதுக்கு என்ன இருக்கு?”

“அதான் சொல்றேன். ஒண்ணும் இல்ல.” அவன் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை தாள் வந்தது. பால் வாங்கப் போன இடத்தில் கவுண்டரில் நின்றபடி ஆர்டிஸ் படித்தாள். காட்டு வேலையிலிருந்து ஓய்வுபெறும் நம் ரெய்னோவுக்குச் சனிக்கிழமை மாலை சமூகக் கூடத்தில் நன்றி விருந்து. எல்லோரும் ஒரு பதார்த்தம் கொண்டு வரவும். உருளைக்கிழங்கு சாலட் ஏற்கெனவே நிறைய வருகிறது, வேறு ஏதாவது யோசிக்கவும்.

“யார் சொன்னா உனக்கு இதை?”

“நீதான்,” என்றாள் பெட்ரா.

“நான் எப்ப சொன்னேன்?”

“வாயால சொன்னாத்தான் சொன்னதா? அவன் இடத்துல புது ஆளை உக்கார வெச்சியாமே. டோபின் பொண்டாட்டி அன்னைக்கே வந்து சொல்லிட்டா. நீ பால் வாங்க வந்தப்ப மூச்சு விடல. சரி, மனசு கஷ்டத்துல இருக்க, கிண்ட வேண்டாம்னு விட்டேன்.”

“தூக்கக் கலக்கத்துல சொன்னது, பெட்ரா.”

“இத்தனை வருஷமா தூக்கக் கலக்கத்துலதான் ஓட்டுற. ஒருநாளும் யாரையும் மாத்தி உக்கார வெச்சதில்லையே.”

“தப்புன்னு போடு. திருத்தம் போடு.”

“போடறேன். ஆனா தாள் அடுத்த வியாழன்தானே. விருந்து நாளன்னைக்கு. கூடத்துல மேஜை போட்டாச்சு, சமையலுக்கு ஒத்துக்கிட்ட வின்னி பன்னித் தொடையை ஹாமுக்கு உப்புல ஊற வெச்சுட்டா. இப்ப நான் போய் என்னன்னு சொல்றது?”

ஆர்டிஸ் பாலை அங்கேயே வைத்துவிட்டு ரெய்னோ வீட்டுக்கு நடந்தாள். அவன் மனைவி மர்னா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை; வழியை மட்டும் விட்டாள். சமையலறை மேஜையில் அக்கம்பக்கத்தார் சுட்டுக் கொடுத்த பழப் பலகாரம் இரண்டு துணி மூடி இருந்தன, காட்டுப்பழமான ஹக்கிள்பெர்ரியில் ஒன்று, ஆப்பிளில் ஒன்று.

“பாத்தியா? மனுஷன் செத்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் பலகாரம் வராது,” என்றாள் மர்னா.

ரெய்னோ காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தான். பெரிய உடம்பு, ஆறு மாதத்தில் தோளெல்லாம் சட்டைக்குள் சுருங்கியிருந்தது. “என் ரம்பத்தை விலைக்குக் கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க,” என்றான். “மரியாதையாத்தான் கேட்டாங்க. ஒருத்தன் அதோட செயினைத் தடவிப் பாத்தான்.”

“என் தப்பு, ரெய்னோ. வீடு வீடாப் போய் நான் சொல்லிடறேன்.”

“நீ சொன்னா யாரு நம்புவா? உக்கார வெச்சதே நீ.” அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும் போலிருந்தது. “மாசக் கடைசியில டாக்டர் பாக்கறேன்னிருக்கார். அவர் போன்னு சொன்னா நான் போகணும், ஆர்டிஸ். வேற வேலை எனக்குத் தெரியாது. ஃபோர்மனும் இந்தத் தாளைத்தான் படிக்கிறான். இந்நேரம் என் இடத்துக்கு ஆள் போட்டிருப்பான்.”

“நான் என்ன பண்ணட்டும்?”

“காலைல லைட்டை இங்க அடி.”

“பைத்தியமா உனக்கு?” என்றாள் மர்னா. “குளிக்கற தொட்டியில காலைத் தூக்கி வெக்க நான் வேணும்.”

“வேன்லதானே ஏறப்போறேன், தொட்டியில இல்லையே,” என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை அவன் வாசலில் லைட்டைச் சிமிட்டினாள். மரத்தின் மேல் வழுக்காமலிருக்க அடியில் ஆணி அடித்த பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றி ரெய்னோ வந்தான். படி ஏற அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. யாரும் கை நீட்டவில்லை. நீட்டினால் தட்டிவிடுவான் என்று தெரியும். ஜன்னலோரம் போய் அவன் உட்கார்ந்ததும் எல்லோர் மூச்சும் ஒருசேர வெளியே வந்தது.

“என்னய்யா, நாளைக்கு விருந்துக்கு இன்னைக்கே கிளம்பிட்டியா?” என்றான் டோபின்.

“உன் பொண்டாட்டி பீன்ஸ் கொண்டு வர்றாளாமே. அதுக்குப் பயந்துதான் காட்டுக்கு ஓடறேன்.”

வேன் குலுங்கச் சிரித்தார்கள். ஆர்டிஸும் சிரித்தாள். அரைமணி நேரத்துக்கு எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது.

மேலே, மரங்களை இழுத்துப் போட்டு அடுக்கும் மேட்டில், ஃபோர்மன் வேனுக்குள் எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. “அட, ரெய்னோ. சுத்திப் பாக்க வந்தியா?”

“ஆமா,” என்றான் ரெய்னோ.

“நல்லது, நல்லது. வேனுக்குள்ளயே இரு. இங்கெல்லாம் வழுக்கும்.” ஊரிலிருந்து வந்த விருந்தாளியிடம் பேசுவது போல அவ்வளவு பரிவாகச் சொல்லிவிட்டுப் போனான். 

பகல் முழுக்க ஆர்டிஸுக்கு வேனில் காத்திருக்கும் வேலைதான். அடிபட்டவர்களை மலையிலிருந்து கீழே கொண்டுபோக வேண்டுமென்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். மதியம் சாப்பிட்டதும் கண் அசந்துவிட்டாள். விழித்தபோது பின்னால் யாரும் இல்லை.

மேட்டின் ஓரத்தில், இயந்திரங்களுக்கு மறைவாக, பட்டை உரிந்த தேவதாரு ஒன்று சரிவின் மேல் நீட்டிக் கிடந்தது. அதன் நடுவில் ரெய்னோ நின்றுகொண்டிருந்தான். ஆணி பூட்ஸ் போட்டிருந்தான். கைத்தடி தரையில் கிடந்தது. முன்பெல்லாம் அப்படிப்பட்ட மரத்தின் மேல் தோளில் ரம்பத்தோடு பேசிக்கொண்டே நடப்பான். இப்போது முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றான். மழை அவன் தொப்பியில் விழுந்து வழிந்தது.

ஆர்டிஸ் ஓடவில்லை, ஓட அவளால் முடியாது. கிட்டே போய் நின்றாள்.

“போக முடியலையா?”

“போயிடலாம். திரும்பத்தான் முடியல,” என்றான். கொஞ்சம் பொறுத்து, “இடுப்பு திரும்ப மாட்டேங்குது,” என்றான்.

அவள் ரப்பர் பூட்ஸோடு மரத்தில் ஏறினாள். இரண்டு கையையும் விரித்து, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போனாள். “தோளைப் பிடி.”

“நீ வழுக்கினா ரெண்டு பேரும் போயிடுவோம்.”

“போனா போறோம். எனக்கும் எங்கயாவது கொஞ்சம் படுத்தாத் தேவலைன்னுதான் இருக்கு.”

அவன் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறான் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. தோளில் அவன் கை கனமாக விழுந்தது. ஒருவர் காலை ஒருவர் பார்த்து, பின்னோக்கியே வந்து சேர்ந்தார்கள். தரைக்கு வந்ததும் அவன் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். முடிச்சு லேசில் அவிழவில்லை. அவள் உதவவில்லை. பக்கத்தில் நின்று, இயந்திரங்கள் இருக்கும் பக்கத்தைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டாள்.

“யாரும் பாக்கலையே?”

“யாரும் பாக்கல.”

வேலை முடிந்து ஆட்கள் ஏறினார்கள். ரெய்னோ கீழேயே நின்றான். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, ஓட்டுகிறவளுக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்தான். முதலுதவிப் பெட்டியும் சாப்பாட்டுத் தூக்குகளும் வைக்கிற இடம் அது. ஆர்டிஸ் ஒன்றும் கேட்காமல் அவற்றை எடுத்துக் கீழே வைத்தாள்.

“இங்கதான் காலை நீட்ட வசதி,” என்றான் அவன் பொதுவாக. பிறகு, தலையைத் திருப்பாமல், “புதுப் பையா, பேரு என்ன?” என்றான்.

“கெல்வின்.”

“அந்த ஜன்னல் மேல்பக்கம் ஒழுகும், கெல்வின். கொஞ்சம் தள்ளி உக்காரு.”

கெல்வின் கருவிப்பெட்டியிலிருந்து எழவில்லை. ஆர்டிஸைப் பார்த்தான். வேனில் இருந்த அத்தனை பேரும் கண்ணாடி வழியாக அவளைத்தான் பார்த்தார்கள். யாரை எங்கே உட்காரச் சொல்வது என்பது அவள் பேச்சு. அந்த வாரத்தில் அதை அவள் ஒருமுறை யோசிக்காமல் சொல்லிவிட்டிருந்தாள். இப்போது யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ரெய்னோ முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை தலையை அசைத்தான்.

“போய் உக்காருப்பா,” என்றாள். “நேரமாகுது.”

இறங்கும் வழியில் அன்று யாரும் பேசவில்லை. எதிரே வரும் வண்டிகளுக்கு வேன் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டியபோதெல்லாம் ரெய்னோ தானாகவே ரேடியோவை எடுத்துச் சொன்னான். அவன் குரல் சாதாரணமாக இருந்தது. அவன் வீட்டு வாசலில் மர்னா கோட்டு போடாமல் நின்றிருந்தாள். அவன் இறங்குவதைப் பார்த்தாள், முன் கதவு வழியாக இறங்குவதையும் பார்த்தாள். அவனிடமிருந்து பூட்ஸை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கடையில் பெட்ரா காத்திருந்தாள். “அவன் ஏறிப் போனான்னு ஊரே பேசுது. திருத்தம் எழுதி வெச்சிருக்கேன், படிக்கட்டுமா?”

“வேண்டாம்.”

“வேண்டாமா? மேல என்னதான் ஆச்சு?”

“மழை,” என்றாள் ஆர்டிஸ்.

பெட்ரா அவள் முகத்தையே பார்த்தாள். இவ்வளவு வருஷத்தில் ஆர்டிஸ் ஒரு சேதியைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றது இதுதான் முதல் தடவை. கேட்டுப் பயனில்லை என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். திருத்தம் எழுதிய தாளை மடித்துக் கடையின் கணப்பு அடுப்பில் போட்டாள். “நாளைக்கு ஹாம் வெட்ட ஆள் வேணும். மத்தியானமே வந்துடு.”

“மத்தியானம் முடியாது. தூங்கணும்.”

“விருந்துக்கு நீ என்ன கொண்டு வர்றே?”

“நான் வர்றேன். அது போதும்.”

பாலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேன் சேறு வழிய நின்றுகொண்டிருந்தது. கழுவும் குழாய் வரை ஓட்டிப் போய், சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கழுவாமலேயே இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.