தவக்காலத்தில் அதிமதுரம்

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் யாருக்கு இருமல் வந்தாலும் முதலில் எங்கள் குவார்ட்டர்ஸ் கதவைத்தான் தட்டுவார்கள். அம்மா போடும் மூலிகை டீக்கு அப்படி ஒரு பெயர். சுக்கு, மல்லி, துளசி, சித்தரத்தை, கூடக் கொஞ்சம் அதிமதுரம். பண்ருட்டி நாட்டு மருந்துக் கடையில் சரக்கு வாங்கி, வெயிலில் காயவைத்து, ஒன்றிரண்டாகத் தட்டி, கண்ணாடி பாட்டிலில் அடைத்து வைத்திருப்பாள். நைட் ஷிஃப்ட் பனியில் அப்பாவைப் பிடித்த இருமல் அந்த டீயில் அடங்கியதை நானே பார்த்திருக்கிறேன். ஆண்டவர் அம்மாவின் கையில் ஒரு குணம் வைத்திருந்தார். இன்றும் அதை நம்புகிறேன்.

அப்பா வேலைக்குக் கிளம்பும்போது டிபன் கேரியரோடு ஒரு பிளாஸ்க் டீயும் போகும். எங்களோடு தங்கி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த சித்தப்பா கேலி செய்வார்.

"கன்வேயர் பெல்ட்டு நின்னுபோனா கூட அண்ணி இதுல ரெண்டு டம்ளர் ஊத்துவாங்கண்ணே. அதுவும் ஓடும்."

அம்மா சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றுவாள்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷத்துத் தவக்காலம் அது. தவக்காலம் தொடங்கினால் ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் யாரும் சர்க்கரை தொடக் கூடாது. அதுதான் எங்கள் ஒறுத்தல். டப்பா பரண்மேல் ஏறிவிடும். ரேஷன் சர்க்கரை கோயில் வழியாக ஏழைகளுக்குப் போய்விடும். அப்பாவோ இனிப்புக்கு ஏங்குகிறவர். அவர் முகம் சுளித்து டீ குடிப்பது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அதிமதுரம் வேர்தானே, சர்க்கரை இல்லையே. ஒறுத்தலும் கெடாது, நாக்கும் இனிக்கும், நெஞ்சுச் சளிக்கும் நல்லது என்று முடிவுசெய்து, கிள்ளிப் போட்டதைக் கைப்பிடியாகப் போட ஆரம்பித்தாள். வேளை தவறாமல் அப்பா அதைத்தான் குடித்தார்.

கொஞ்ச நாளில் அவருக்குத் தலைவலி வந்தது. பாதம் வீங்கி, ஷூவைக் கழற்றச் சித்தப்பா பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. நின்றுகொண்டே செய்கிற வேலை, அதனால்தான் என்று அம்மா இன்னொரு டம்ளர் கூடுதலாகக் கொடுத்தாள். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசையில் அப்பா கையில் பிடித்த ஓலையோடு பெஞ்சிலேயே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் ப்ரெஷர் மிகவும் ஏறியிருக்கிறது, தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று படுக்க வைத்துவிட்டார்கள். அம்மாவின் கையில் செபமாலை நிற்காமல் உருண்டது. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று டாக்டரம்மா கேட்டதற்கு அப்பா ஒன்றுமில்லை என்றார். டீயை அவர் மருந்தாக நினைத்ததே இல்லை. அம்மாதான் முன்னால் வந்தாள்.

"நான் ஒரு டீ போட்டுத் தர்றேங்க, டாக்டரம்மா."

சித்தப்பா ஓடிப்போய் பாட்டிலை எடுத்துவந்தார். டாக்டரம்மா அதைக் காகிதத்தில் கொட்டிக் கிளறி, மஞ்சள் வேர்த் துண்டுகளைத் தனியே ஒதுக்கினார்.

"மத்ததெல்லாம் அளவாக் குடுக்கலாம்மா. இந்த அதிமதுரம் மட்டும் இவருக்கு வேணாம். அதிகமாப் போனா உடம்புல உப்பும் தண்ணியும் தங்கிடும், ப்ரெஷர் ஏறும். கால் வீங்கினதும் அதான்."

பிளாக்கே புகழ்ந்த டீயைப் பற்றி எல்லோர் முன்னாலும் அப்படிச் சொல்லியும் அம்மா அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள். நல்லவேளை சொன்னீர்கள் என்று கும்பிட்டாள். அன்று சாயந்திரமே, தான் சரக்கு கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய் அந்த வேரைப் பொறுக்கி எறிந்துவிடச் சொன்னாள். யார் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று அவள் தயங்கவே இல்லை. என் வீட்டுக்காரருக்கும் இப்போது ப்ரெஷர் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தாமல், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, அம்மாவின் டீயை அதிமதுரம் இல்லாமல் போட்டுக் கொடுக்கிறேன்.

ஆண்டவர் கிருபையால் அப்பா பண்டிகைக்கு வீடு வந்து சேர்ந்தார். ஈஸ்டர் காலையில் சர்க்கரை டப்பா பரணிலிருந்து இறங்கியது. எல்லோர் டம்ளரிலும் சர்க்கரை விழுந்தது, அம்மாவின் டம்ளரைத் தவிர.

"தவக்காலம் முடிஞ்சிடுச்சும்மா" என்று டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன்.

"தெரியும்டி. நீ குடி."

அடுத்த ஈஸ்டருக்கும் அவள் போட்டுக்கொள்ளவில்லை, அதற்கு அடுத்ததற்கும் இல்லை. அம்மாவுக்கு இனிப்பு பிடிக்காது என்றுதான் எனக்குக் கல்யாணமாகும்வரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அப்பா ஏன் குனிந்து தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.