கடலெண்ணெய்க் கை

தெய்வானை ஆச்சி காலமான செய்தியை அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னபோது, நான் சிவகங்கையில் கல்லூரித் தேர்வறையில் மேற்பார்வையில் இருந்தேன். "எங்க ஆத்தா காலையில போயிட்டாக. ஒங்களுக்கும் பாப்பாவுக்கும் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றார். தேர்வு முடியும்வரை நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

காரைக்குடியில் ஆச்சியிடம் பலகாரம் வாங்காத வீடு குறைவு. சீப்புச் சீடை, கைமுறுக்கு, கடலை உருண்டை எல்லாம் அவர் கையால் ஆனவை. பொரிப்பது நிலக்கடலையைச் செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் மட்டும்தான். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அந்த ருசியின் மூலமாகத்தான் அவரைத் தெரியும். எங்களுக்கு அப்படி இல்லை. அவர் செய்த எதையும் நாங்கள் வாயில் வைத்ததில்லை.

என் மகள் கயல்விழிக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு துண்டு உள்ளே போனால் போதும், உதடு தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு நின்றுபோகிற அளவுக்கு வந்துவிடும். அவளுக்கு ஏழு வயதில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அவள் அப்பாவைப் பார்க்கத் திருச்சியிலிருந்து விமானம் ஏறினோம். டிக்கெட் எடுக்கும்போதே விஷயத்தைச் சொல்லியிருந்தோம். நான் இருக்கையையும் சாப்பாட்டுத் தட்டையும் ஈரத் துணியால் துடைத்தேன். மூச்சு அடைத்தால் போடும் ஊசி மருந்து கையில் இருந்தது. பணிப்பெண் வந்து, "நாங்கள் கடலை எதுவும் கொடுக்க மாட்டோம். பயணிகள் வீட்டிலிருந்து கொண்டுவருவதற்கு எங்களால் பொறுப்பேற்க முடியாது" என்றார். நாகரிகமாகத்தான் சொன்னார். நான் பக்கத்து இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தேன்.

சுற்றிலும் ஒரு கல்யாணக் கூட்டம். எங்கள் வரிசையில், அன்றுவரை அறிமுகமில்லாத ஆச்சி, மடியில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்க, கொடுக்காமல் தான் மட்டும் தின்பது எங்கள் ஊரில் நடக்காத காரியம். நான் பையை மேலே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கடலை உருண்டையை நீட்டிவிட்டார். மகள் வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றால் இன்னொரு முறை கேள் என்றுதானே நாம் எடுத்துக்கொள்வோம். "வெக்கப்படாத தாயி, ஒண்ணே ஒண்ணு" என்று அவள் கையில் வைக்கப் போனார். நான் கத்திவிட்டேன். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை.

ஆச்சிக்குக் கோபம் வரவில்லை. விளக்கியதும் தூக்கை மூடினார். எழுந்து போய்க் கைகழுவிவிட்டு வந்து, தம் கூட்டத்திடம் வரிசை வரிசையாக நின்று, இறங்கும்வரை யாரும் பலகாரத்தைத் திறக்கக் கூடாது என்று சொன்னார். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் முணுமுணுத்தார். "ஒரு புள்ளைக்காக இத்தன பேரும் வாயக் கட்டணுமா ஆச்சி?"

"நாம எறங்கித் திங்கலாம். நடுவானத்துல அந்தப் புள்ளைக்கு மூச்சு முட்டுனா எங்குட்டு எறங்குறது?"

ஆச்சி பணிப்பெண்ணிடம் கேட்டு, தூக்கோடு கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

அன்று ஏற்பட்ட பழக்கம் விடாமல் தொடர்ந்தது. காரைக்குடி போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்போம். அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எத்தனை முறை கழுவினாலும் அவருக்குத் திருப்தி வராது. "இது கடலெண்ணெய்க் கை தாயி, அங்குட்டே நில்லு" என்பார். மகள் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துக் காலில் விழுந்தபோதும், தலையில் கைவைக்காமல் எட்ட நின்றுதான் வாழ்த்தினார்.

வெளிநாட்டுக்குப் பலகாரம் வாங்குகிறவர்களிடம், "பிளேன்லயே திங்கப் போறீகளா? பக்கத்து சீட்டுல யாருக்காச்சும் ஆகாதான்னு கேட்டுட்டுத் தொறங்க" என்று சொல்லித்தான் கொடுப்பார். "பலகாரம் விக்கிறீகளா, மருந்து விக்கிறீகளா?" என்று ஒருவர் கேலி செய்தார். "ரெண்டையும் கேட்டுட்டுத்தான் குடுக்கணும்" என்றார் ஆச்சி.

எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது அந்தக் கேள்வி. என் வீட்டுக்கு யார் வந்தாலும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதற்கு முன்னால், உங்களுக்கு எது ஆகாது என்று கேட்கிறேன்.

மகளுக்கு மிஞ்சியது வேறு. விடுமுறைக்கு வந்திருந்த அவளையும் அழைத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்குப் போனேன். ஆச்சியைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். அவள் வழக்கம்போல எட்டவே நின்றாள். பிறகு என் காதருகே, "அம்மா, இப்பத் தொடலாமா?" என்றாள். தலையசைத்தேன். அருகில் போய் உட்கார்ந்து, ஆச்சியின் வலது கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டாள். தூக்கும் நேரம் வரை விடவில்லை.

திரும்பி வரும்போது, ஆச்சியின் கை சில்லென்று இருந்ததாகச் சொன்னாள். உயிரோடு இருந்தபோது அது எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. என்னையும் அவர் தொட்டதில்லை.