காக்காக் கடியில் என் பாதி

நேற்றுக் காலை ஷிப்டில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் வசந்தா அக்காவின் தம்பி. "அக்கா போய்ட்டாங்க. மார்ல வலிக்குதுன்னாங்க, டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. மாமா மெட்ராஸ்ல இருக்காரு, லைன் போட்டுக் குடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். அடுத்த அழைப்பையும் எடுத்தேன். கை தானாக வேலை செய்தது. எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். பக்கத்து நாற்காலி வசந்தா அக்காவுடையது. அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பறவை இல்லாமல் அவருக்குப் பேச்சே வராது. முதல் நாள் "நம்பர் பிளீஸ்" சொல்ல நான் நடுங்கியபோது, கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இரு, பயம் போய்விடும் என்றார். என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். சூப்பர்வைசருக்கு ஆந்தை முழி. மதியத்தில் தான் போடும் கோழித் தூக்கத்தை மட்டும் தியானம் என்று வாதாடுவார். தீபத்தன்று ஊரே போனில் தொங்கும். காக்காய்க் குளியல் போட்டுவிட்டு ஈரத் தலையோடு ஓடி வந்து உட்காருவார்.

வீட்டிலிருந்து வேர்க்கடலை உருண்டை கொண்டுவருவார். எச்சில் படாமல் முந்தானையில் சுற்றிக் காக்காக் கடி கடித்து எனக்கும் தருவார். பெரிய பாதி எப்போதும் எனக்குத்தான்.

மூன்று மாதம் முன்பு நான் சூப்பர்வைசருக்குப் பிளாஸ்க்கில் காபி கொண்டுபோனேன். அக்கா எல்லோர் முன்னிலையிலும் கேட்டார், "இன்னா கமலா, காக்கா புடிக்கக் கெளம்பிட்டியா?" எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். பொய்யாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். வேலூருக்கு மாற்றல் கேட்கத்தான் போனேன். அதை அவரிடம் மறைத்திருந்தேன்.

அவர் மட்டும் எதையும் நிறுத்தவில்லை. தினமும் பாதி உருண்டையைக் காகிதத்தில் மடித்து என் பக்கம் வைப்பார். நான் தொடமாட்டேன், சாயங்காலம் வாட்ச்மேன் எடுத்துக்கொள்வார். போன சனிக்கிழமை, "உன் பாதி உன்னுதுதான். என்னைக்குத் தோணுதோ அன்னைக்குத் தின்னு" என்றார். ஹெட்போனைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன். அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அதை என் டிராயரில் போட்டேன்.

நேற்று ஷிப்ட் முடிந்ததும் டிராயரைத் திறந்தேன். அந்தப் பாதியை முந்தானையில் சுற்றிக் கடித்தேன். சின்னதை நான் தின்றேன். பெரியதை அவருடைய சுவிட்ச்போர்டின் ஓரத்தில் வைத்தேன்.

அக்கா, நான் காக்கா பிடிக்கத்தான் போனேன். நீங்கள் சொன்னது சரி. போய் வாருங்கள்.