பேனர் நின்ற இடம்

முடிச்சூரில் பேனர் வைக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். காது குத்தினால் பேனர், கடை திறந்தால் பேனர், செத்துப்போனால் இன்னும் பெரிய பேனர். சந்திரிகாவுக்கு வேலை கிடைத்ததே, சும்மா விடுவார்களா?

காலேஜ் படிக்கும்போது ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகெலும்பு போனது. அதன்பிறகு அவளுக்குச் சக்கர நாற்காலியும் வீடும்தான். வருகிற சொந்தக்காரர்கள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொண்ணு ஒயுங்கா துன்னுதா?" என்று அவள் அம்மா கிளியம்மாளிடம் கேட்பார்கள். வாய் இருக்கிறவளை விட்டுவிட்டு!

நாவலூர் கம்பெனி ஒன்று அவளை வேலைக்கு எடுத்தது. காலையில் ஒரே ஒரு தாழ்தளப் பேருந்து. கண்டக்டர் ஜெயவேலு சாய்வுப் பலகையை இழுத்து நடைமேடையில் போட, பேட்டரி நாற்காலி சர்ரென்று உள்ளே போகும். தாம்பரத்தில் இறங்கினால் ஆபீஸ் வேன் நிற்கும். ஆபீசில் பக்கத்து சீட் ஓவியா, கேட்காமலே அவள் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்பாள். திட்டினால் திருப்பித் திட்டுவாள். சந்திரிகாவை யாரும் திட்டி வருஷக்கணக்காகியிருந்தது. அதற்காகவே அவள் ஓடி ஓடி வேலைக்குப் போனாள்.

ஒரு புதன்கிழமை காலை பேருந்து நிறுத்தத்துக்கு வந்தால், அவளே எதிரில் சிரித்துக்கொண்டிருந்தாள். 'எங்கள் மண்ணின் தன்னம்பிக்கை நட்சத்திரமே!' யாரோ ஒருத்தியின் கோட்டுப் போட்ட உடம்பில் சந்திரிகாவின் தலை. நாற்காலியைக் காணோம், கம்ப்யூட்டரிலேயே எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். கீழே, பேனர் வைத்த மனை வியாபாரி ஷ்யாம்சுந்தரின் படம், அவள் முகத்தைவிடப் பெரிய கூலிங்கிளாசோடு. சவுக்குக் கட்டைகளை நட்டிருந்த இடம், சரியாகப் பலகை இறங்கும் இடம்.

ஜெயவேலு பலகையை இழுத்துப் பார்த்தார். கட்டையில் டங்கென்று முட்டியது. வண்டியை முன்னே விட்டார்கள், அங்கே மின்கம்பம். பின்னே விட்டார்கள், ஷேர் ஆட்டோ. தூக்கி ஏற்றலாம் என்றால் அந்த நாற்காலி நாலு ஆள் கனம். அடுத்த நிறுத்தத்துக்குப் போகிற வழியெல்லாம் வடிகால் பள்ளம்.

"இன்னாம்மா பண்றது, உன் மூஞ்சியே குறுக்கால நிக்குது," என்றார் ஜெயவேலு. அவருக்கே அழுகை வருகிற மாதிரி இருந்தது. பேருந்து போய்விட்டது.

சந்திரிகா நேராக ஷ்யாம்சுந்தர் கடைக்குப் போனாள்.

"அண்ணா, பேனரக் கொஞ்சம் தள்ளி வைங்கண்ணா. பஸ் ஏற முடியல."

"ஞாயித்துக்கெயம பஞ்சாயத்துத் தலைவர் வந்து பொன்னாட போத்தறாரும்மா. அதுவரைக்கும் இருக்கட்டும்."

"அதுக்குள்ள எனக்கு வேலையே போயிடும்ணா. சேந்து மூணு மாசம்கூட ஆவல."

"சேச்சே, உன்ன எவன் அனுப்புவான்? அதுமில்லாம உசுரோட இருக்கற பொண்ணு படத்தக் கயட்டுனா அபசகுனம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்த ஆள் நிஜமாகவே நல்லதுக்குத்தான் சொன்னார். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருக்கலாம்.

வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. வெள்ளி சாயங்காலம் மேனேஜர் ஹரிபிரசாத் போன் செய்தார்.

"சந்திரிகா, இனிமே நீங்க இவ்ளோ ஸ்ட்ரகிள் பண்ண வேணாம். வீட்லேருந்தே பண்ணுங்க. சேலரி அதேதான்."

"எனக்குக் கஷ்டமே இல்ல சார். திங்கக்கிழமை பேனர எடுத்துடுவாங்க. கண்டிப்பா வந்துடுவேன்."

"பரவால்ல, பரவால்ல. உங்க சீட்ட வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. யூ டேக் கேர்."

ஞாயிற்றுக்கிழமை தலைவர் பொன்னாடை போர்த்தினார். "இனிமேல் இந்தத் தங்கை அலையவே வேண்டாம், வீட்டிலேயே வேலை!" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. கிளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்திரிகா கும்பிட்டாள். வேறென்ன செய்வாள், போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் கட்டைகளைப் பிடுங்கிவிட்டார்கள். நிறுத்தத்தில் யாரும் ஏறாவிட்டாலும் ஜெயவேலு கொஞ்ச நேரம் விசில் கொடுக்கவில்லை.

வீட்டில் சந்திரிகா குளித்து, இஸ்திரி போட்ட சுடிதார் மாட்டி, பொட்டு வைத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கிளியம்மாள் காப்பியோடு வந்து சிரித்தாள்.

"யாருடி உன்ன பாக்கப் போறாங்க? நைட்டியே போட்டுக்கினு ஒக்காரு. தோய்க்கிற வேலையாச்சும் மிச்சம்."

சந்திரிகா காப்பியை வாங்கிக்கொண்டாள்.

"நாளைலேருந்து போட்டுக்கறேன்மா."